ப்ளீஸ் சொன்னால்தான் தண்ணீர்

அலமாரியின் மேல்தட்டில் பதினோரு தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நின்றிருக்கும். பிள்ளைகளின் கைக்கு எட்டாது. கண்ணுக்கு நன்றாகவே எட்டும். மும்பை செம்பூரில் நான் ஆசிரியையாக இருந்த மழலையர் பள்ளியில் மரியாதைச் சொற்களை அப்படித்தான் கற்பித்தோம். தாகமெடுத்த குழந்தை அலமாரியடியில் வந்து நின்று "ப்ளீஸ்" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் பாட்டில் கீழே இறங்கும்.

பிள்ளைகளைக் கவனித்துக்கொண்ட பெண்மணியை மாவ்ஷி என்று அழைத்தோம். சின்னம்மா என்று பொருள்படும் மராத்திச் சொல். தாராவியிலிருந்து பஸ் ஏறி வருவார். காலையில் வாசலில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையின் முகத்துக்கும் நேராக முகம் வைத்து, "வாங்க, சாப்டீங்களா?" என்பார். முழங்கால் உயரமுள்ளவர்களுக்கு எதற்கு இத்தனை மரியாதை என்று ஒருமுறை சிரித்தபடி கேட்டேன்.

"நாம குடுத்தாத்தான டீச்சர், அதுகளுக்கும் குடுக்கத் தெரியும்" என்றார்.

ஒரு கோடைக் காலையில், இன்னும் பேச்சு சரியாக வராத சிறுமி ஒருத்தி அலமாரியடியில் நின்று தன் நீல நிற பாட்டிலைக் கை காட்டினாள். "கை காட்டினா கிடைக்காது. ப்ளீஸ் சொல்லு" என்றார் தலைமையாசிரியை. அவள் மறுபடியும் கை காட்டினாள். மற்றவர்கள் டிபன் பெட்டியைத் திறந்து, உண்டு, மூடியும் ஆயிற்று. அழுது அழுது குழந்தைக்கு விக்கல் எடுத்தது. நான் பக்கத்தில் வண்ணக்குச்சிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மாவ்ஷி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். பாட்டிலை எடுத்துத் திறந்து, குழந்தையின் வாயருகே பிடித்தார்.

"உன்னை யாரு எடுக்கச் சொன்னா?"

"பிள்ளைக்குத் தொண்ட காயுதுல்லா, மேடம். மொதல்ல குடிக்கட்டும். சொல்லு பொறவு வரும்."

"நாளைலேர்ந்து நீ வராதே."

மாவ்ஷி எங்கள் இருவரையும்விட மூத்தவர். மரியாதை கற்பிக்கும் அறையில், பதினோரு குழந்தைகள் கேட்க, அவரிடம் அப்படிப் பேசப்பட்டது. அவர் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு, "போய்ட்டு வாரேன், மேடம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "வாரேன், டீச்சர்." விரட்டப்பட்டபோதும் 'போறேன்' என்று அவர் வாயில் வரவில்லை. தலைமையாசிரியை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வண்ணக்குச்சிப் பெட்டியை மூடினேன்.

இப்போது நவி மும்பை சான்பாடாவில் இருக்கிறேன். போன வாரம் எங்கள் கட்டடத்து லிஃப்டில், ஒரு குழந்தைக்கு நான் கொடுத்த பிஸ்கட்டை அதன் தாய் வாங்கி உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டிக்கு தேங்க் யூ சொல்லு, தரேன்." குழந்தை எம்பி எம்பிப் பார்த்தது. "குடுத்துடும்மா" என்றேன்; குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாகவே வந்தது.

"இந்த வயசுல கத்துக்கலைன்னா எப்போ ஆன்ட்டி கத்துப்பா?"

மாவ்ஷி விடைபெற்ற அன்று எனக்கு நாற்பத்தொரு வயது. 'போயிட்டு வாங்க' என்ற இரண்டே சொற்கள். எனக்குச் சொல்ல வரவில்லை.