வசந்தா அக்காவும் தேதி இல்லாத படமும்

திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. "வசந்தா அக்கா போய்ட்டாங்க" என்றார் எதிர்ப் பூக்கடை செல்வி. "எங்க போனாங்க? கடையத் தொறந்து போட்டுட்டா?" என்று நான் சத்தம் போட்டேன். அந்தப் பக்கம் அழுகை கேட்ட பிறகும் எனக்கு விளங்கவில்லை. காலையில்தானே, "வரும்போது டோனர் வாங்கியா" என்று சொல்லி அனுப்பினார்? நெஞ்சுவலியாம். டோனரை மடியில் வைத்துக்கொண்டு எந்த ஸ்டாப்பில் இறங்குவது என்றுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செஞ்சி பஜாரில் நாங்கள் இருவரும் சேர்ந்து பதினோரு வருடமாக ஜெராக்ஸ் கடை நடத்தினோம். ஒருநாள் யாருக்கோ நில வரைபடம் தேடப் போய், செயற்கைக்கோள் படங்கள் இருக்கும் இணையதளம் ஒன்றை அக்கா கண்டுபிடித்தார். "ஏ மல்லி, சும்மாவே குடுக்கறாங்கடி! நாலஞ்சி நாளைக்கு ஒரு வாட்டி புதுப்படம்!" என்று குதித்தார். அன்றிலிருந்து கடையில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் அதே வேலைதான். இந்தப் பக்கத்து ஏரி, வாய்க்கால், கரம்பு ஒன்றையும் விடாமல் சேமித்தார்.

ஆனால் தேதி போடமாட்டார். அதற்காக நான் திட்டாத திட்டில்லை. "எந்தக் குடியானவன்டி தேதி சொல்லிக்கினு வர்றான்? எங்க நைனா செத்தாரே, அப்ப ஏரி ரொம்பி இருந்துதான்னுதான் கேக்கறான்" என்பார். அதனால் படங்களின் பெயர்களும் 'கோவிந்தன் நைனா கருமாதி', 'பார்வதி கடலை புடுங்குன வாரம்' என்றே இருக்கும். கேட்டு வருபவர்களுக்கு ஒரு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

போன மாதம் வல்லம் பக்கத்து ஏழுமலை அண்ணன் வந்தார். அவர்கள் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலை மேலே ஒருவர் தூர்த்து நிலத்தோடு சேர்த்துவிட்டார். அங்கே வாய்க்காலே இருந்ததில்லை என்று சாதிக்கிறார். வியாழக்கிழமை தாலுகா ஆபீஸில் விசாரணை. "தண்ணி ஓடற படம் எங்கிட்ட இருக்குது, கவலப்படாதீங்கண்ணே" என்று அக்கா சொல்லியிருந்தார். அதற்கு முந்தின திங்கட்கிழமை அவரே போய்விட்டார்.

புதன்கிழமை பால் தெளித்துவிட்டு வந்து, நானும் ஏழுமலை அண்ணனும் கம்ப்யூட்டரைத் திறந்தோம். வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது ஒரே ஒரு படத்தில்தான் தெரிந்தது. அதன் பெயர் 'மல்லிகா பேசாத நாள்'.

தேதி தெரிந்தால் அதே படத்தைத் தேதியோடு மறுபடி இறக்கிக்கொள்ளலாம். தேதி இல்லாத படத்தை எந்த அதிகாரி வாங்குவார்? கம்ப்யூட்டர் மாற்றியபோது எல்லாப் படத்துக்கும் ஒரே தேதி விழுந்திருந்தது. அக்காவோடு நான் எப்போது பேசாமல் இருந்தேன்? எதற்காக? ஒரு நாளைக்கு நாலு தடவை முறைத்துக்கொள்கிறவள் நான், எந்த முறைப்பு என்று கண்டேன்! ஒரு ஊர்த் தண்ணீர் என் பாழாய்ப்போன கோபத்தில் வந்து மாட்டிக்கொண்டதே என்று அழுகை வந்தது.

ஏழுமலை அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அது எங்க பேத்திக்குக் காதுகுத்துன அன்னிக்கும்மா. உங்க ரெண்டு பேருக்கும்தான் பத்திரிகை வெச்சேன். அக்கா மட்டும் வந்தாங்க. எலை போட்டும் சாப்புடல. 'மல்லி காலைலேர்ந்து பேசலண்ணே, சோறு எறங்கல'ன்னு எலை முன்னாடி குந்திக்கினு அழுதாங்க."

மறுநாள் காலை அண்ணன் தன் வீட்டிலிருந்து பத்திரிகையை எடுத்து வந்தார். அதிலிருந்த தேதியைப் போட்டுத் தேடினேன். அதே படம், அதே தண்ணீர். விசாரணையில் வாங்கிக்கொண்டார்கள், வாய்க்காலை அளக்க ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஊரே அக்காவைக் கையெடுத்துக் கும்பிடுகிறது.

நான் மட்டும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செஞ்சி பஜார் ஒரு சாம்பல் கறையாகத் தெரிகிறது. அந்தக் கறைக்குள் எங்கோ ஒரு கூரைக்கடியில், காதுகுத்துக்கு நீ கிளம்புமுன், நாம் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். போய் வாக்கா. எதுக்குக் கோவிச்சிக்கினேன்னு எனக்கு இன்னும் ஞாபகம் வரல.