சுவருக்கு வெளியே பதினோரு எட்டு

லூர்து மேரியைப் பெண் பார்க்க மூன்று வீட்டார் வந்தார்கள். அவள் வாய் திறந்து சிரிக்கும் வரை மூன்று வீட்டாருக்கும் சம்மதம்தான். சிரித்ததும் பல்லில் இருந்த காவிக் கறை தெரிந்தது. பாப்பாரப்பட்டிக்கு மேற்கே இருக்கும் அவள் ஊரின் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கறை உண்டு. தண்ணீரில் இருந்த ஃபுளூரைடு செய்த வேலை அது. மூன்றாவதாக வந்த மாப்பிள்ளைக்கும் அதே கறை இருந்தது. ஆனால் ஆண்பிள்ளையின் பல்லை யார் பார்க்கிறார்கள்? "புள்ள பல்லு வெளக்காதுங்களா?" என்று அவன் தாய் கேட்டுவிட்டுப் போனாள். 1984 பங்குனியில், பத்தொன்பது வயதில், லூர்து மேரி தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டாள்.

தற்கொலை செய்தவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றார் கோயில் நாட்டாமை சவரிராயன். உரோமாபுரியே அந்த விலக்கை முந்தின வருடம் திருச்சபைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. சவரிராயன் எடுக்கவில்லை. சுற்றுச்சுவருக்கு வெளியே, முள் மண்டிய புறம்போக்கில் புதைத்தார்கள். சிலுவை நடக்கூடாது, கல் வைக்கக்கூடாது, பெயர் எழுதக்கூடாது. பாவத்துக்குப் பயந்தவர்கள் அந்தத் தண்ணீருக்கு ஒருநாளும் பயப்படவில்லை.

லூர்து மேரியின் தாய் ஞானமேரி, பால்வாடி டீச்சர். கணவன் இல்லை. மகளைத் தவிர வேறு பிள்ளையும் இல்லை. முதல் மழையிலேயே மண்மேடு ஓரம் சரிந்தது. இப்படியே போனால் இடமே தெரியாமல் போய்விடும் என்று பயந்தாள். அடையாளம் வைக்கக்கூடாது என்றவர்கள் படம் போடக்கூடாது என்று சொல்லவில்லையே.

தினமும் பால்வாடியை மூடிவிட்டு அங்கே போவாள். சாக்பீஸ் பெட்டி அட்டையை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி வைத்திருப்பாள். மைதாப் பசை தடவி, அந்த மேட்டின் மண்ணையே ஒரு சிட்டிகை எடுத்துத் தூவுவாள். சுவருக்குச் சுண்ணாம்பு, வானத்துக்குச் சொட்டு நீலம், முள்ளுக்குக் கருப்பு நூல், பின்னால் தெரியும் கரட்டுக் குன்றுக்கு அடுப்புக்கரி. சுவர் மூலையிலிருந்து பதினோரு எட்டு என்று பின்பக்கம் எழுதித் தேதி போடுவாள். காய்ச்சலில் கிடந்தபோதும் போனாள். ஊரில் பைத்தியம் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கூட அவள் ஓவியம் கற்றதில்லை. கண்ணில் தெரிந்ததை ஒட்டினாள், அவ்வளவுதான்.

மூன்று வருடத்தில் ஆயிரத்துக்கு மேல் அட்டைகள் சேர்ந்தன. 1987 கோடையில் கல்லறைத் தோட்டத்தில் இடம் நிறைந்துவிட்டது. பழைய சுவரை இடித்து, தோட்டத்தை அகலப்படுத்தப் புதுச் சுவருக்குக் கயிறு கட்டினார்கள். கயிறு மகளின் மேலேயே போவதைப் பார்த்த ஞானமேரி, அட்டைகளைத் தகரப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு கோயில் கூட்டத்துக்குப் போனாள்.

"என்னம்மா, பால்வாடிப் பசங்க போட்டதா?" என்றார் சவரிராயன்.

"எம் மக இருக்கற எடங்க. உள்ள சேக்கச் சொல்லல, வெளியவே கெடக்கட்டும். செவுர மட்டும் ரெண்டடி தள்ளி வெய்ங்க."

அவர் பெட்டியின் மேலே இருந்த அட்டையை எடுத்தார். "இது நேத்து நீயே போட்டது. வெறுந்தரையும் முள்ளும் இருக்குது. மேடு எங்கம்மா?"

"கரைஞ்சிருச்சுங்க. அடியில பாருங்க, எம்பத்தஞ்சுல போட்டதுல தெரியும்."

"எம்பத்தஞ்சுல எனக்குந்தான் தலையில முடி இருந்துச்சு."

கூட்டம் சிரித்தது. "இந்தம்மாளே ஒண்ணுமில்லேன்னு போட்டுக் குடுத்துருக்குது, அப்பறமென்ன?" என்று அவர் அட்டையைப் பெட்டிக்குள் போட்டார். அடியில் இருந்த ஒன்றைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை.

பால்வாடியில் சமைக்கும் பெரியம்மாளுக்கு ஆற்றாமை. "ஏன் டீச்சர், தெனம் ரெண்டு சிட்டிக மண்ண சேத்து ஒட்டியிருந்தா மேடு அப்பிடியே நின்னுருக்குமே. யாரு வந்து அளந்து பாக்கப் போறாங்க?"

"இல்லாதத எப்பிடி பெரியம்மா ஒட்டறது? நான் பாத்ததத்தான போட்டேன்."

பொய்யாக ஒரு பிடி மண் ஒட்டியிருந்தால் ஜெயித்திருப்பாள். உண்மையை அப்படியே வைத்தவளிடம், அவள் கையாலேயே கையெழுத்து வாங்கியதுபோல் ஆக்கிக்கொண்டார்கள். உள்ளே விடமாட்டோம் என்றவர்கள் வெளியேயும் விட்டுவைக்கவில்லை. மகளின்மேல் அஸ்திவாரக் கல்லைப் போட்டார்கள்.

சுவர் எழும்பிய பிறகு ஞானமேரி அட்டை வெட்டவில்லை. மாலையில் பால்வாடி வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். இருட்டியதும் பெரியம்மாள் வந்து வீட்டுக்கு அனுப்புவாள்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் வந்தது. உள்ளே எல்லாக் கல்லறைகளிலும் பூவும் வெளிச்சமும். ஞானமேரி மெழுகுவத்தியோடு புதுச் சுவரின் உள்பக்கம் போய் நின்றாள். பிறகு வாசல் வழியாகச் சுற்றி வெளிப்பக்கம் வந்தாள். அங்கே சற்று நேரம் நின்றுவிட்டு மறுபடி உள்ளே போனாள். அவளிடம் ஒரு மெழுகுவத்திதான் இருந்தது.