பஸ்ரா நோட்டை வரிசைப்படுத்தினேன்

எங்கள் வீட்டில் பஸ்ரா நோட்டு என்று ஒன்று இருந்தது. முதல் உலக யுத்தத்தின்போது பட்டாளத்து ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப்போடும் வேலைக்காக அரபு தேசத்துத் துறைமுகமான பஸ்ராவுக்குக் கப்பலேறியவர் பெரிய தாத்தா, அதாவது என் தாத்தாவின் அண்ணன். போன இடங்களில் கையில் அகப்பட்டதையெல்லாம் அதில் ஒட்டி வைத்திருந்தார். பம்பாய் டிராம் டிக்கெட், கப்பலில் சாப்பாட்டுக்குக் கொடுத்த சீட்டு, ஆற்றுப் படகுக்கான பாஸ், பேரீச்சம்பழப் பெட்டியின் லேபிள், ஒரு நோயாளியின் ஜுரத்தை நாள்தோறும் குறித்த ஆஸ்பத்திரித் தாள்.

அந்த நோயாளி, அவரோடு சேர்ந்து போன சிதம்பரத்து நண்பர். நண்பர் பஸ்ராவிலேயே ஜுரத்தில் இறந்துவிட்டார் என்று ஊருக்கு வந்து சொன்னவர் பெரிய தாத்தாதான். அந்தச் சொல்லை நம்பி, நண்பரின் மனைவி பதினெட்டு வயதில் தாலியைக் கழற்றினார். அப்பா கப்பலேறிய பிறகு பிறந்த மகளைத்தான் நான் சிதம்பரத்து அத்தை என்று கூப்பிடுவேன். அத்தை வருஷம் தவறாமல் மாசி மகத்தன்று வருவார். தேவனாம்பட்டினத்துக் கடலில் அப்பாவுக்காக முழுகிவிட்டு, ஈரத்தலையோடு செம்மண்டலத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து உட்காருவார். பெரிய தாத்தா பக்கம் பக்கமாகப் புரட்டிக் கதை சொல்வார். பார்க்காத அப்பாவை அத்தை அந்த நோட்டில்தான் பார்த்தார்.

எனக்குப் பத்து வயதான வருஷம் மூன்று காரியங்கள் ஒன்றாக வந்தன. பெரிய தாத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி ஒரு கண்ணில் கட்டு. மற்றக் கண் முன்பே மங்கல். நோட்டில் பசை காய்ந்து துண்டுகள் உதிர ஆரம்பித்திருந்தன. வீட்டில் சும்மா இருந்தவள் நான் ஒருத்தி.

"இருந்த எடத்துலயே ஒட்டணும், புரிஞ்சுதா?" என்றார் அப்பா.

புரிந்தது. ஆனால் பக்கங்களைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. எதுவும் தேதி வரிசையில் இல்லை. படகுக்கு அப்புறம் டிராம், அதற்கப்புறம் மறுபடி படகு. அப்போதே எனக்குப் பட்டியல் பைத்தியம் உண்டு. ரஃப் நோட்டில் கட்டம் போட்டு எண், பொருள், ஊர், தேதி என்று எழுதினேன். மொத்தம் நாற்பத்தாறு. பேரீச்சம்பழ லேபிளை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தபோது அடியில் ஒரு தபால் கார்டு கிடைத்தது. நாற்பத்தேழு! ரங்கூன் முத்திரை, ஜுரத் தாளுக்கு ஒன்றரை வருஷம் பிந்திய தேதி. தமிழில் இரண்டே வரி, கீழே ஒரு பெயர். யார் எழுதியது என்பதற்கு என் பட்டியலில் கட்டம் இல்லை. எல்லாவற்றையும் தேதிப்படி ஒட்டி வந்து, ஜுரத் தாளுக்கு அடுத்த பக்கத்தில் கார்டை அழகாக ஒட்டினேன். தேதி இல்லாத லேபிளை அதன் பக்கத்தில் சும்மா செருகி வைத்தேன்.

மாசி மகத்தன்று அத்தை மடியில் நோட்டை வைத்துக்கொண்டார். பெரிய தாத்தா ஈஸிசேரில் சாய்ந்து மனப்பாடமாகச் சொல்ல, பக்கம் தேடிப் புரட்டுவது என் வேலை. டிராம், கப்பல், படகு எல்லாம் ஆயிற்று. ஜுரத் தாள் வந்தது. எந்த நாள் குறிப்போடு அது நின்றுபோகிறது என்று சொல்லிவிட்டு, வழக்கம்போலக் கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

"அடுத்தது பேரீச்சம்பழம். அவன் போனப்புறம் எனக்கு ஊர் திரும்ப உத்தரவு ஆச்சும்மா..."

"இல்ல தாத்தா, அடுத்தது ரங்கூன் கார்டு. லேபிளுக்கு அடியில கெடந்துது. நான்தான் கண்டுபுடிச்சேன்!"

அவர் கை காற்றில் துழாவியது. "அத இப்படிக் குடுத்துடு கண்ணு. குடுத்துடு."

அதற்குள் அத்தை படிக்க ஆரம்பித்திருந்தார். வாய்விட்டே படித்தார். "ரங்கூனில் நான் சௌக்கியம். சொல்லச் சொன்னபடியே ஊரில் சொன்னதற்கு நன்றி. அவர்கள் அப்படியே நினைத்திருக்கட்டும்." பிறகு அந்தப் பெயரையும்.

தெருவில் கடலிலிருந்து சாமி திரும்புகிற மேளம் கேட்டது. அது தாண்டிப் போனதும் அத்தை கார்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"காலைல இவருக்குத்தான் மாமா முழுகிட்டு வரேன்" என்றார் அத்தை.

"ஜுரம் எறங்கிப் பொழச்சுக்கினான். ஊருக்கு வரமாட்டேன்னுட்டான்மா. எவ்ளோ சொல்லியும் கேக்கல. உங்கம்மா வாசலப் பாத்துக் காத்துக்கினே கெடக்கக் கூடாதேன்னுதான் நான்..."

"இத ஏன் கிழிச்சுப் போடல?"

"எப்படிம்மா கிழிப்பேன்? அவன் உசுரோட இருந்தான்னு எங்கியாவது ஒரு அத்தாட்சி இருக்க வேணாமா?"

கட்டுக்கு அடியிலிருந்து நீர் இறங்கியது. காபியோடு வந்த அம்மா பதறிப்போனார். "இன்னா மாமா இது! அழவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லியா?"

"ஒண்ணுமில்ல அண்ணி. வருஷா வருஷம் அழுவுற பஸ்ரா அழுகைதான்" என்றார் அத்தை, சிரித்துக்கொண்டே.

அம்மா உள்ளே போனதும் அத்தை என்னைப் பார்த்தார். "அந்த லேபிள எடுடி. பசையும் கொண்டா." கார்டின் மேல் லேபிளை வைத்து, நான்கு மூலையையும் உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினார். "எங்கம்மாவுக்குத் தெரிய வேணாம் மாமா. இனிமே காத்துக்கெடக்க அவுங்களுக்குத் தெம்பு இல்ல. நீங்க சொல்லுங்க. ஊர் திரும்ப உத்தரவு ஆச்சு, அப்புறம்?"

பெரிய தாத்தா சொன்னார். குரல் உடைந்து உடைந்து, முடிவுவரை சொன்னார். அத்தை ஒவ்வொரு வருஷமும் கேட்பது போலவே கேட்டார். எனக்குக் கோபம் தாங்கவில்லை. கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த நாற்பத்தேழாம் எண்ணைப் பட்டியலில் அடிக்க வேண்டியதாயிற்று.

சாயங்காலம் அத்தையைப் பஸ் ஏற்றிவிட அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அப்பா நேரம் விசாரிக்கப் போனபோது அத்தை என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏண்டி, ரங்கூன் எந்தப் பக்கம் இருக்குது?"

பூகோளத்தில் நான்தான் வகுப்பில் முதல். "கெழக்கால அத்தை. கடலத் தாண்டி, கொஞ்சம் வடக்கால" என்று கையை நீட்டிக் காட்டினேன்.

அந்தத் திசையில் முந்திரி மூட்டை ஏற்றிய பண்ருட்டி லாரி ஒன்று நின்றிருந்தது. அத்தை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். சிதம்பரம் பஸ் வந்து, கண்டக்டர் இரண்டு தடவை கூவியும் திரும்பவில்லை. நான்தான் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

இவ்வளவு பெரியவருக்கு ரங்கூன் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லையே, பாவம். அடுத்த வருஷம் வரும்போது அட்லஸை எடுத்துக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.