குலசிங்கத்தின் வசாபிப் பாத்தி

குலசிங்கம் எனக்கு எழுநூறு டொலர் தரவேண்டியிருந்தது. 1995ஆம் ஆண்டு குளிர்காலத்தில் வாங்கிய கடன். நான் வட்டி கேட்கவில்லை, கையெழுத்தும் கேட்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். யாழ்ப்பாணத்தில் லொறி கிளீனராகத் தொடங்கி, நியூசிலாந்தில் ஒக்லண்டுக்கு வந்து எல்லர்ஸ்லியில் கந்தோர்க் கட்டடங்களைக் கூட்டித் துடைத்து, என் பெயரில் ஒரு வானும் லின்ஃபீல்டில் ஒரு வீடும் வாங்கினேன். மோர்ட்கேஜ் ஒரு தவணையும் பிந்தியது கிடையாது. அப்படிப்பட்ட நான் வீட்டுக் கூரை திருத்த ஒதுக்கி வைத்த காசைத்தான் அவருக்குக் கொடுத்தேன். அதன்பிறகு எங்கள் படுக்கையறையில் மழைக்கு வாளி வைக்கவேண்டி வந்தது. ஒவ்வொரு மழைக்கும் என் மனைவி முகட்டைப் பார்த்துச் சொல்லுவாள்: "எழுநூறு டொலர் ஒழுகுது." ஒக்லண்டில் எத்தனை நாள் மழை பெய்யும் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

குலசிங்கம் ஊரில் வங்கியில் வேலை பார்த்தவர். இங்கே நியூ லின்னில் ஒரு கடையில் சாமான் அடுக்கினார். மெல்லிய குரல். ஒருவருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது. "ஒரு சின்ன முயற்சி அண்ணை" என்றுதான் காசைக் கேட்டார். பழைய கார் வாங்கப்போகிறார் என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து, எப்படிப்பட்ட கார் என்று பார்க்கப் போனேன்.

"என்ன குலம், வாங்கியாச்சோ?"

"ஓம் அண்ணை. வசாபி."

"அது என்ன, ஜப்பான் காரோ?"

சிரித்துக்கொண்டு என்னை வீட்டின் பின்பக்கம் கூட்டிப் போனார். வாடகை வீடு. பின்னால் வெயில் படாத ஒரு பள்ளம். அதன் மேல் கறுப்பு வலை கட்டி, குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, வட்ட வட்ட இலையோடு சின்னச் செடிகள் நட்டிருந்தார். ஜப்பான்காரர் பச்சை மீனோடு சாப்பிடுகிற உறைப்புக் கிழங்காம். தெற்கே ஒருவரிடம் கன்று வாங்கினாராம். என் கூரைக் காசு முழுவதும் அந்தப் பள்ளத்துக்குள் நின்றது.

"எப்ப கிண்டலாம்?"

"இரண்டு வருஷம் செல்லும் அண்ணை."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வலையை அப்போதே பிடுங்கியிருக்கவேண்டும். பிடுங்கவில்லை. நத்தை அரித்தது, இங்கே கோடையான தை மாதத்து வெயிலில் பாதிச் செடி சோர்ந்தது. நான் காசு கேட்கப் போனால் அவருடைய மனைவி ரதிதேவி தேத்தண்ணி தருவாள், அவர் செடியைக் காட்டுவார். "உங்கட காசு பத்திரமாய் மண்ணுக்குள்ள இருக்கு அண்ணை" என்பார். இதை என் மனைவியிடம் போய் எந்த வாயால் சொல்வது?

இரண்டு வருடம் கழித்துக் கிண்டினார். நகரத்தில் ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடைக்கு நான்தான் வானில் ஏற்றிக்கொண்டு போனேன். அந்தச் சமையற்காரர் ஒரு கிழங்கை எடுத்துத் தன் பெருவிரலோடு வைத்துப் பார்த்தார். மெல்லிசாம். வேண்டாமாம். மரியாதையாகக் குனிந்து வணக்கம் சொல்லி அனுப்பிவிட்டார். கிழங்கு எல்லாம் திரும்ப வானுக்குள் ஏறியது. வீட்டில் இறங்கியதும் குலசிங்கம் ஒரு கிழங்கைக் கத்தியால் சுரண்டி என் நாக்கில் வைத்தார். மூக்கு வழியாக உச்சிக்கு ஏறியது பாருங்கள், கண் தெரியவில்லை.

உடனே எனக்கு யோசனை வந்தது. யாவாரம் படித்து வருவதல்ல. உறைப்புத் தின்னுகிற சாதி நாங்கள் இருக்க, ஏன் ஜப்பான்காரனிடம் கெஞ்சவேண்டும்? வருகிற வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் பூசை வைத்துச் சனத்தைக் கூப்பிட்டு, இந்தக் கிழங்கில் சமைத்துப் போட்டால் ஆளுக்கு அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போவார்கள். கணக்குச் சரி.

வெள்ளி காலமை நானே அவர்களுடைய குசினிக்குள் நின்றேன். லொறிக் காலத்தில் இருபது பேருக்கு ஒரு அடுப்பில் சமைத்தவன் நான். ரதிதேவி மிளகாய்த்தூள் போத்தலை எடுத்தாள்.

"வை பிள்ளை அதை. இந்தக் கிழங்கோட மிளகாயும் சேர்ந்தால் சனம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்."

மிளகாய் இல்லை, மிளகும் இல்லை. கிழங்கைத் துருவித் தேங்காய்ப்பால் சொதியில் போட்டுக் கொதிக்கவிட்டோம். துண்டு துண்டாக வெட்டிப் புளிக்குழம்பில் அவித்தோம். மிச்சத்தைத் தேங்காயோடு அரைத்துச் சம்பலாக மூடி வைத்தோம். வெட்டிய இலை ஒரு பெரிய வாளி நிறைய இருந்தது.

"அண்ணை, இலையை என்ன செய்யிறது?"

"ஆட்டுக்கே போடப்போறாய்? கொண்டுபோய்க் குப்பையில கொட்டு."

அவள் வாளியைப் பின்கதவடியில் வைத்தாள். படையல் சமையல் என்றபடியால் ஒருவரும் வாய் வைத்துப் பார்க்கவில்லை. சுவாமிக்குப் படைக்க முன்னர் உப்புக்கூடக் கைக்கணக்குத்தான். எங்கள் வீடுகளில் அதுதான் முறை. பூசையும் சும்மா முடியவில்லை. வந்தவர்களில் குரல் இருந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு தேவாரம் பாடினார்கள்.

ஒருவழியாகச் சோறு போட்டோம். எல்லாரும் குழைத்து வாயில் வைத்தார்கள். நான் அவர்கள் கண்ணில் தண்ணீர் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

"பத்தியக் கறியோ? வீட்டில ஆர் பிள்ளை பெத்தது?" என்றது ஒரு குரல்.

தமிழ்நாட்டுக்காரி பங்கஜம் சொதியைக் கரண்டியால் கிளறினாள். "என்னங்க இது, முள்ளங்கி அவிச்ச தண்ணியா? காரமே இல்லையே."

நானும் வாயில் வைத்தேன். சொதியில் ஒன்றும் இல்லை. குழம்பில் ஒன்றும் இல்லை. காலையில் அரைத்த சம்பலில் புல்லு மணம் மட்டும்தான். இரண்டு வருடம் என் கூரை ஒழுகியது இந்தப் புல்லுத் தண்ணிக்கா?

"என்ன குலம், கிழங்கை மாத்திப் போட்டீரோ?" என்று எல்லாருக்கும் முன்னால் கத்திவிட்டேன்.

அவர் ஒரு பச்சைக் கிழங்கை எடுத்துவந்து, பங்கஜத்தின் தட்டிலேயே துருவினார். அவள் தொட்டு நக்கினாள். இருமி, மூக்கைப் பொத்தி, அரை டம்ளர் தண்ணீர் குடித்தாள். அப்போதுதான் விளங்கியது. நெருப்புப் பட்டால் இதன் உறைப்புச் செத்துவிடும், துருவி வைத்தாலும் செத்துவிடும்.

"சரி, வாங்குங்கோவன்" என்றேன்.

"ஒவ்வொரு வாய்க்கும் உட்கார்ந்து துருவிக்கிட்டே இருக்கணுமா? எங்க வீட்ல ஊறுகாய் பாட்டில் இருக்குங்க" என்றாள் பங்கஜம். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவரும் ஒரு கிழங்கும் வாங்கவில்லை.

நேர்ஸ் வேலை பார்க்கும் சாந்தகுமாரி அக்கா வேலைக்குப் பிந்துது என்று சப்பாத்துப் போடப் பின்கதவடிக்குப் போனார். அங்கிருந்து ஒரு கூச்சல்.

"எடி ரதி! உது வல்லாரையெல்லே! எங்கையடி எடுத்தனீ?"

"இல்லை அக்கா, அந்தக் கிழங்கின்ர இலை."

அக்கா ஒரு இலையைக் கடித்தார். "வல்லாரை இல்லைத்தான். ஆனா கடுகுமாதிரி ஏறுது. கத்தியைத் தா."

வல்லாரைச் சம்பலை நாங்கள் அடுப்பில் வைப்பதில்லை. பச்சையாக அரிந்து, சாப்பிடுகிற நேரத்தில்தான் பிசைவோம். அக்கா அதே கைப்பழக்கத்தில் இலையைத் தூளாக அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு சேர்த்துத் தேசிக்காய் பிழிந்தார். சுவாமிக்குப் படைத்து முடிந்துவிட்டது, இனி வாய் வைக்கலாம். ஒருவர் வைத்தார், பிறகு எல்லாரும் வைத்தார்கள். பங்கஜம் மூக்கைத் துடைத்துக்கொண்டு இரண்டாந்தரம் சோறு கேட்டாள். வல்லாரை கண்டு எத்தனை வருடம் என்று சனம் வாளியைச் சுற்றி நின்றது.

"ஒரு பிடி என்ன விலை?"

"சும்மா கொண்டு போங்கோ" என்றார் குலசிங்கம்.

எனக்குத் தலை வெடித்தது. "இரண்டு டொலர்! ஒரு பிடி இரண்டு டொலர்!" என்று வாளியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டேன். அதற்குள் பாதி வாளி சும்மா போய்விட்டது.

அதன்பிறகு அவர் கிழங்கைக் கிண்டவில்லை. சனிக்கிழமைகளில் இலை விற்றார். இலை மெல்லத்தான் தளிர்த்தது, வெயில் காலத்தில் வாடியது. வாங்குகிறவர்களுக்கு இந்த மனிதர் கடன் வேறு கொடுத்தார். எனக்குத் தரவேண்டியவர் ஊருக்குக் கடன் கொடுத்தால் எனக்கு எப்படி இருக்கும்? "சேர்ந்ததைச் சேர்ந்ததைத் தாரும்" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. தந்தால் முழுசாய்த்தான் தருவன்."

அந்த ஒரு விசயத்தில் மட்டும் அவருக்கு இல்லை என்று சொல்லத் தெரிந்திருந்தது. இன்னொரு குளிர்காலம் வாளியோடு போனது.

1998இல் ஒரு ஞாயிறு பின்னேரம், ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றோடு என் வீட்டுக்கு வந்தார். மேசையில் வையும் என்றேன். கேட்கவில்லை.

"கையை நீட்டுங்கோ அண்ணை. கையிலதான் எண்ணித் தரவேணும்."

நீட்டினேன். முதலில் இருபதுகள், பிறகு பத்து, ஐந்துகள். ஒவ்வொன்றையும் நீவி வைத்து வாய்விட்டு எண்ணினார். இடையில் என் மனைவி எட்டிப் பார்க்க, கணக்குத் தவறிவிட்டது என்று எல்லாவற்றையும் திருப்பி எடுத்து முதலிலிருந்து தொடங்கினார். வங்கியில் இருந்தவராம்! கை உளைந்தது, நான் மடக்கவில்லை. தாள் முடிந்து சில்லறை வந்தது. "அறுநூற்றுத் தொண்ணூற்றாறு... தொண்ணூற்றெட்டு..." கடைசி இரண்டு டொலர்க் குற்றி குவியலில் நிற்காமல் சரிந்து கதிரைக்குக் கீழே ஓடியது. அவர் முழங்காலில் குனிந்து தேடி எடுத்து, சேட்டில் துடைத்து, "எழுநூறு" என்று என் உள்ளங்கையில் வைத்தார்.