கானோ மாப்பிள்ளைக்கு ஒரு வீட்டுப்பாடம்

திங்கட்கிழமை என் அக்கா வீட்டுக்கு நைஜீரியாவிலிருந்து ஒரு கவர் வந்தது. கனமான கவர். அக்கா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, பிரித்துப் படிக்க என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

எனக்கோ கவர் என்றாலே பயம். தந்தி, கவர், போலீஸ்காரர்... எது வாசலுக்கு வந்தாலும் நான் கெட்ட சேதிக்குத் தயாராகிவிடுவேன். வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்கு என் பயங்கள் புதிதா என்ன? எட்டாம் வகுப்போடு நின்றவன். படித்தது கம்மி, பயந்தது ஜாஸ்தி!

ஆனால் இந்தத் தடவை பயத்துக்குக் காரணம் இருந்தது. கவருக்குள் இருப்பது வசந்தாவின் கல்யாணம். வசந்தா என் அக்கா மகள். காலேஜில் சரித்திரம் படித்து முடித்தவள்.

இரண்டு மாதம் முன்பு அவளைப் பெண் பார்க்க வந்தவர் பூபாலன். எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கீழ்பென்னாத்தூர்க்காரர். நைஜீரியாவில் கானோ என்ற ஊரில் மூன்று வருஷமாகக் கணக்கு வாத்தியார். லீவில் வந்திருந்தார். நான் முந்தின நாளே என் சந்தேகங்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். பஜ்ஜி வந்ததும் ஆரம்பித்தேன்.

“தம்பி, அங்க சிங்கம் ஊருக்குள்ள வருங்களா?”

“சிங்கமா? மூணு வருஷத்துல ஒரு பூனயகூட சரியா பாக்கல மாமா. ஸ்கூலு, குவார்ட்டர்ஸ், அவ்ளோதான்.”

“பின்ன, பாக்கறதுக்குன்னு இன்னாதான் இருக்குது?”

“பழைய ஊருங்க. மண்ணு செவரு. ஒண்ணும் இல்ல. ஆனா நம்மாளுங்க இருக்காங்க. பொங்கலுக்குக் கரும்புகூட கெடைக்கும்.”

அவர் அப்பா விடுவாரா? “மல்லாட்ட மூட்டைய கோபுரம் கணக்கா அடுக்கி வெப்பாங்களாம் அந்த ஊர்ல! போன தபாவே சொன்னான்,” என்றார். அப்பா நிலத்தில் போடுவது வேர்க்கடலை. மகன் கடல் தாண்டிப் போய்ப் பார்த்த ஒரே அதிசயமும் வேர்க்கடலை!

அப்போதுதான் வசந்தா வாயைத் திறந்தாள். தலை குனிந்து உட்கார வேண்டிய நேரத்தில்!

“அது வெறும் மண்ணு செவரு இல்லீங்க. ஊரையே சுத்தி இருக்கற கோட்ட மதிலு. லைப்ரரில படிச்சேன். பாலைவனம் தாண்டி ஒட்டகத்துல சரக்கு வந்த ஊராம். துணிக்கு அவுரிச் சாயம் போடற குழி பல நூறு வருஷமா இருக்குதாமே, பாத்தீங்களா?”

பூபாலன் காபியைப் பார்த்தார். “அந்தப் பக்கம்... ஒரே நாத்தம்னு சொன்னாங்க.”

“பண்டிகைக்கு அரமன முன்னால குதிர ஊர்வலம் வருமாமே?”

“அன்னிக்கு லீவுங்க. தூங்கிட்டேன்.”

நம்மாள் இருக்கிறானே... எந்த நாட்டுக்குப் போனாலும் முதலில் இரண்டே விஷயம் விசாரிப்பான். புளி எங்கே கிடைக்கும்? பக்கத்து வீட்டுத் தமிழன் என்ன ஆளுங்க? இரண்டும் தெரிந்துவிட்டால் கதவைச் சாத்திக்கொள்வான். திரும்பி வந்து ‘அங்கே ஒன்றுமே இல்லை’ என்பான். இதைச் சொல்வதற்கு ஏரோப்ளேன் டிக்கெட் வேறு!

“பொண்ணு இன்னா சொல்லுது?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“அவரு போய் அந்த ஊர ஒரு தபா நல்லா பாத்துட்டு லெட்டர் போடட்டும்,” என்றாள் வசந்தா. “அப்புறமா சொல்றேன்.”

வாத்தியாருக்கே வீட்டுப்பாடம்! அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “எம்புள்ளைக்கு வேற பொண்ணா கெடைக்காது?” என்று அந்த அம்மா எழுந்துவிட்டார். பூபாலன் மட்டும் செருப்பு மாட்டும்போது என் காதருகே வந்தார். “மாமா... அந்த ஒட்டக சமாச்சாரம், எந்த புக்குல படிச்சாங்களாம்?”

அதோடு சரி. வாரங்கள் ஓடின. அக்கா மகளிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். வசந்தாவோ போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டால் ஜன்னலுக்கு ஓடுவாள். கேட்டால் காற்று வாங்குகிறாளாம்.

கவரைப் பிரித்தேன். நாலு பக்கக் கடிதம். கூடவே ஒரு கர்சீப், கருநீலத்தில்.

‘மதிலைச் சுற்றி நடந்தேன். பல இடத்தில் இடிந்து கிடக்கிறது. சாயக் குழியில் நாற்றம் உண்மைதான். இந்தக் கர்சீப்பை நானே முக்கினேன். விரலில் நீலம் போகவில்லை, வகுப்பில் பிள்ளைகள் போர்டை விட்டுவிட்டு என் கையைப் பார்க்கிறார்கள். சாயம் போடும் பெரியவர், உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்றார். மலையடியில் பெரிய கோயில் என்றேன். எத்தனை கோபுரம் என்றார். எனக்குத் தெரியவில்லை. எண்ணி எழுதவும்.’

வசந்தா கர்சீப்பை மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். “சம்மதம்னு எழுதிடுங்க மாமா.”

அக்கா அழுதாள், சிரித்தாள், கற்பூரம் ஏற்றினாள்.

“அது சரி, கோபுரம் எத்தினின்னு எழுதறது?” என்றேன்.

“நாலு,” என்றாள் அக்கா. “அஞ்சு,” என்றார் அவள் வீட்டுக்காரர். சரித்திரம் படித்த வசந்தா கூரையைப் பார்த்தாள். அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நாற்பத்தைந்து வருஷமாக அந்தக் கோபுரத்துக்கு எதிரே டீ குடிக்கிறவன் ஆயிற்றே நான்!

நேற்று கோயிலுக்குப் போய் ஒவ்வொன்றாக எண்ணினேன். ஒன்பது.

தப்பாக எண்ணியிருப்பேனோ... இன்றைக்கு மறுபடியும் போகிறேன்.