தேரிமணலில் நரித்தடம்

நாசரேத்தைத் தாண்டி, தேரிக்காட்டு ஓரத்துக் கடையில் டீக்கு நிற்கிறேன். எதிரே கடலைத் தோட்டம். அதன் செம்மணலில் ஓலைப்பெட்டி ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது, மேலே பாரத்துக்கு ஒரு கல். காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கிறது.

நான் பெட்டியையே பார்ப்பதைக் கண்டு தோட்டக்காரி எஸ்தர் கூப்பிடுகிறார்.

"இங்கன வாங்க அண்ணாச்சி, ஒண்ணு காட்டுதேன்."

பெட்டியைத் தூக்குகிறார். அடியில் ஒரே ஒரு காலடித் தடம்.

"நரி! முந்தாநாள் வந்திருக்கு. காத்து அழிச்சிரக் கூடாதுன்னு மூடி வச்சிருக்கேன்."

வெள்ளைக்காரன் காலத்தில் நரி வாலுக்குச் சர்க்கார் பணம் கொடுத்ததாம். எஸ்தரின் மாமனார் வீட்டு ஆட்கள் அப்போது இப்படித்தான் தடத்தைப் பெட்டியால் மூடிவைத்து, பொழுது சாய்ந்ததும் அதே இடத்தில் கண்ணி வைப்பார்களாம். பணம் நின்ற பிறகும் கண்ணி நிற்கவில்லை.

"பிடிச்சுப் பிடிச்சே தீத்துட்டாவ. பொறவு மயில் முட்டையத் திங்க ஆளில்ல. மயிலு பெருகி, வெதச்ச கடலையெல்லாம் கொத்தித் தின்னுட்டு. இப்ப வந்துட்டாம்லா எங்க காவக்காரன்!"

குனிந்து பார்க்க ஓர் அடி எடுத்து வைக்கிறேன். எஸ்தர் என் கையைப் பிடித்து இழுக்கிறார்.

"மிதிச்சிராதிய!"

என் செருப்புக்கு முன்னால் இன்று காலை பதிந்த புதுத் தடங்கள். பெரிய தடத்தை ஒட்டியே, அதில் பாதி அளவில், குட்டியின் தடமும் ஓடுகிறது.

எஸ்தர் வீட்டைப் பார்த்து மருமகளுக்குக் குரல் கொடுக்கிறார். டீக்கடையே திரும்பிப் பார்க்கிறது.

"ஏளா, வீட்டுல கெடக்க பெட்டி அத்தனையும் எடுத்துட்டு வா!"