உடைத்துப் பார்த்த புஷ்

எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு இரண்டு வருடம் முன்பு என் கணவர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். பூதப்பாண்டிப் பக்கம் எங்களுக்கு ஒரு நெல் அரவை மில். அதை நான்தான் பார்க்க வேண்டியதாயிற்று. மாசி மாதத்துக் கும்பப்பூ அறுப்பு முடிந்து முற்றம் முழுக்க நெல் மூட்டை.

அந்த நேரம் பார்த்து இஞ்சின் தண்டு கடகடவென்று ஆடியது. தண்டு சுழல்வதற்காகச் செருகியிருக்கும் வெண்கல வளையத்தைப் புஷ் என்போம். கடையில் வாங்கிப் புதிதாகப் போட்டு இருபது நாள் ஆகவில்லை. ஒரு பக்கம் தகடாகத் தேய்ந்திருந்தது. முந்தியதும் அப்படித்தான். இஞ்சின் ஓட்டுகிறவரை எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

"எண்ணெ விடாம எங்க போயிருந்தீரு அண்ணாச்சி?"

அவர் புஷ்ஷைக் கழற்றித் துண்டில் முடிந்துகொண்டார். "நீங்களும் வடசேரிக்கு வாங்கம்மா. அங்க வெண்கலம் வார்க்குற வார்ப்புக்காரர் சொல்லட்டும்" என்றார். பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தவர் கடைசிவரை திரும்பவே இல்லை.

வார்ப்புக்காரர் புஷ்ஷைச் சம்மட்டியால் உடைத்து, உடைந்த முகத்தை வெயிலில் காட்டினார். கல்லுப்பு போலப் பெரிய பெரிய மணிகள் மின்னின. தாம் வார்த்த துண்டு ஒன்றையும் உடைத்துப் பக்கத்தில் வைத்தார். அது ரவைபோல நெருக்கமாக இருந்தது.

"மணலச்சுல கொதிக்கக் கொதிக்க ஊத்தி மெல்ல ஆறவிட்டா மணி பெருத்துப் போவும். பலம் இருக்காது, உரச உரசத் தேஞ்சிரும். இரும்பச்சுல ஊத்தினா சட்டுன்னு ஆறும், மணி பொடிசாவும், லேசுல தேயாது. எண்ணெ மேல குத்தமில்லம்மா. உள்ள பாருங்க, எண்ணெ ஓடுன தடம் அப்படியே கிடக்கு."

என்னால் இஞ்சின்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வார்ப்புக்காரர் அன்றைக்கே புதிது வார்த்தார். முதலில் வந்ததில் ஊசிமுனை அளவு ஓட்டை. அது போதும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் அதை உடைத்து உருக்கும் சட்டியில் போட்டுவிட்டு மறுபடி ஊற்றினார்.

மறுநாள் மில்லில், அதே ஆட்கள் முன்னால், "நான் பேசினது தப்பு அண்ணாச்சி" என்றேன்.

"அதுக்கென்னம்மா, பெல்ட்டை மாட்டச் சொல்லுங்க. நெல்லு காத்துக் கிடக்கு."

அந்தப் புஷ் அடுத்த புரட்டாசிக் கன்னிப்பூ அறுப்பின் அரவையும் முடிந்த பிறகுதான் மாற்ற வேண்டி வந்தது. அதற்குள் என் கணவர் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார். தனியாளாக மில்லைக் காப்பாற்றினாள் என்று ஊரில் என்னைச் சொன்னார்கள். அன்று நான் எல்லார் முன்னாலும் கேட்டதற்குக் கோபித்துக்கொண்டு இஞ்சின்காரர் வீட்டுக்குப் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும். அவரையும் வார்ப்புக்காரரையும் நினைக்கும்போதெல்லாம் மனம் கைகூப்புகிறது.